எந்தப் பக்கம் எட்டு

புது பிரிட்ஜ் வந்து நான்கு நாள் ஆகிறது. அதன் நெற்றியில் மைனஸ் பதினெட்டு என்று நீலமாக எரிகிறது. இதை எழுத உட்கார்ந்த பிறகு இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன். எண்ணை அல்ல, அதற்கு முன்னால் இருக்கும் சின்ன மைனஸ் கோட்டை.

புது பிளாஸ்டிக் வாசனைக்கு நடுவே எனக்கு மட்டும் மீன் வாசனை வருகிறது. கல்லூரி முடித்ததும் புதுச்சேரியில் ஒரு மீன் குளிர்கிடங்கில் பதிவேடு எழுதினேன். கதவுக்கு மேலிருந்த மீட்டரில் மைனஸ் கோடு எப்போதோ அணைந்துபோயிருந்தது. யாரும் சரிசெய்யவில்லை, உள்ளே எப்போதும் மைனஸ்தானே. பேச்சிலும் அதை விட்டுவிட்டோம். பதினெட்டு என்றால் நல்ல குளிர், ஐந்து என்றால் கவலை. மைனஸ் ஐந்தைவிட மைனஸ் பதினெட்டு சிறியது என்று பள்ளியில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அங்கே ஒரே வாரத்தில், எண் பெரிதானால் சந்தோஷப்படப் பழகிவிட்டேன்.

வீராம்பட்டினத்து மீன் வியாபாரி அஞ்சலை அக்கா தினமும் காலையில் வருவார்.

"இன்னா பாப்பா, எவ்ளோ இருக்கு?"

"பதினெட்டுக்கா."

அதோடு போய்விடுவார். கதவைத் திறக்கக்கூடச் சொல்ல மாட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஒருநாள் மெஷின் மக்கர் செய்தது. உள்ளே அக்காவின் ஆறு பெட்டி வஞ்சிரம், பிரான்சிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தின் மறுநாள் கல்யாண விருந்துக்கு. அவருக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். மீட்டரில் காலையில் ஆறு இருந்தது, பத்து மணிக்கு இரண்டு, பிறகு சைபர். பெட்டிகளைத் தவளக்குப்பத்தில் இருந்த வேறொரு கிடங்குக்கு மாற்ற அக்கா வண்டியோடு வந்துவிட்டார். மெக்கானிக் எதையோ தட்டினார், விசிறி சுற்றியது. ஒன்று, மூன்று, நான்கு. எனக்கு உயிர் வந்தது.

"ஏறுதுக்கா. வண்டிய அனுப்பிடுங்க."

அனுப்பிவிட்டார். நான் ஐந்து, ஆறு, எட்டு என்று அழகாக எழுதிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கதவிடுக்கில் தண்ணீர் கசிந்தது. அக்கா உள்ளே போய் ஒரு மீனை அழுத்தினார். விரல் புதைந்தது.

"எட்டுன்னியே பாப்பா. எந்தப் பக்கம் எட்டு?"

சுற்றியது விசிறி மட்டும்தான், குளிர் வரவேயில்லை. எண் சைபரைத் தாண்டி அந்தப் பக்கம், பிளஸ் பக்கம், ஏறியிருக்கிறது. கோடு இல்லாத எண் சைபரிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்லும், எந்தத் திசை என்று சொல்லாது. இது தெரிந்தவள்தான் நான். கல்யாண ஆர்டர் வேறொருவருக்குப் போனது. இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மீட்டரை மாற்றினார்கள். கோடு பளிச்சென்று எரிந்தது. அக்கா அதைப் பார்க்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. கதவைத் திறக்கச் சொல்லி, கையை உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தினமும் அப்படித்தான்.

கிடங்கு இருந்த இடத்தில் இப்போது காபிக் கடை. ஆனால் "இன்னா பாப்பா, எவ்ளோ இருக்கு" என்ற கேள்வி, கிடங்கை இடிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விட்டது.