உள்ளங்கை எஞ்சினுக்கு மார்க் போடுகிறவள்

விலை உயர்ந்த மாடல் ரயில் எஞ்சின் தானாகவே நன்றாக ஓடிவிடும். விலை மலிந்ததைத்தான் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது, அந்த ஒருவர் நான். மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் கடை. உள்ளங்கை நீளம் வரும் எஞ்சினை மேசைமேல் போட்டிருக்கும் தண்டவாளத்தில் வைத்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகி, மெதுவாகப் போகிறதா, வளைவில் புரள்கிறதா, சூடாகிறதா, சத்தம் போடுகிறதா என்று பார்த்து ‘தேறும்’, ‘தேறாது’ என்று சொல்ல வேண்டும். முன்பு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபேன் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனி மூடியதும் இந்தக் கடை முதலாளி தணிகாசலம், “மோட்டார் தெரிஞ்சவங்கதானே, வாங்க” என்று கூப்பிட்டுக்கொண்டார்.

மலிவாக ஒரு மிக்ஸியோ குடையோ வாங்கிக்கொண்டு, வீடு வந்து சேரும்வரை ‘நல்லாத்தான் இருக்கும்’ என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

சாம்பார் வண்டி

வானகரத்தில் புது ஃபிளாட்டுக்குக் குடிவந்த ஒருவர் எஞ்சின் வாங்க வந்தார். எத்தனை பெட்டி இழுக்கும் என்று கேட்டார். நாலு இழுக்கும் என்றேன், அதுவும் யோசித்துத்தான் சொன்னேன். இந்த ரகத்தில் எடை கம்மி. பாரம் கொஞ்சம் கூடினாலும் சேற்றில் மாட்டின பைக் மாதிரி சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

அடுத்த வாரமே திரும்பி வந்துவிட்டார். நாலு என்ன, ஒரு பெட்டியைக்கூட இழுக்கவில்லையாம். செல்போனில் வீடியோவைக் காட்டினார். சாப்பாட்டு மேசையைச் சுற்றித் தண்டவாளம். அதைச் சுற்றி மாமியார் வீட்டு ஆட்கள். எஞ்சினுக்குப் பின்னால் ஒரே ஒரு வண்டிதான், ஆனால் அதன்மேல் எவர்சில்வர் சொம்பு நிறைய சாம்பார். மாமியார் இட்லியைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டு, ரயில் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். சக்கரம் சுற்றுகிறது, சாம்பார் நகரவில்லை. கடைசியில் அந்தம்மாவே எழுந்து போய் ஊற்றிக்கொள்கிறார்.

“சார், நாலு பெட்டின்னு நான் சொன்னது காலிப் பெட்டி” என்றேன். அவர் கோபப்படவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்: “காலிப் பொட்டிய இழுக்கிறதுக்கு எஞ்சின் எதுக்கு மேடம், அத நானே தள்ளிகினு போயிடுவேனே.”

வாங்காதவர்

சனிக்கிழமை தவறாமல் ஒரு பெரியவர் வருவார். மின்சார ரயில் ஓட்டி ரிடையர் ஆனவர், ஆவடியில் வீடு. வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, “ஒண்ண வுடும்மா, பாப்போம்” என்பார். நான் ஓடவிடுவேன். அவருக்கு எதுவும் பிடிக்காது. “இன்னாம்மா, எடுத்த எடுப்புல குதிக்குது? உள்ள நிக்கிறவன்லாம் ஒருத்தன்மேல ஒருத்தன் வுழுவானே” என்பார். இன்னொன்றை விட்டால், “பிரேக் புடிச்சா இப்பிடியா நிக்கும்?” என்பார். நான் ‘தேறும்’ என்று எடுத்து வைத்ததையெல்லாம் அவர் ஃபெயிலாக்கிவிட்டுப் போவார். வாங்கியது மட்டும் ஒன்றுமில்லை.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். “பெரியவரே, எதுவும் புடிக்கலன்னா எதுக்கு வாரா வாரம் மாடி ஏறி வர்றீங்க?” என்று கேட்டேவிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பெரியவர் எழுந்திருப்பார் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. வளைவில் திரும்பிக்கொண்டிருந்த எஞ்சினைவிட்டுக் கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்: “ரிடையர் ஆவுற வரைக்கும் உள்ள ஒக்காந்துதாம்பா ஓட்டிகினு இருந்தேன், ரயிலு வளைவுல திரும்புனா இவ்ளோ அழகா இருக்கும்னு எனக்கு யாரும் சொல்லவேயில்ல.”

மாப்பிள்ளையும் மோட்டாரும்

இந்த வேலையில் இருக்கும் பெரிய தொல்லை, அது வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். பஸ் கிளம்பினால் கியர் சத்தம் காதில் விழும். பக்கத்து வீட்டு கிரைண்டர் எத்தனை நாள் தாங்கும் என்று மனசு கணக்குப் போடும்.

நாத்தனார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க அம்பத்தூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். பையன் எங்கள் எதிரில் உட்கார்ந்து, முதலில் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கையைக் காலைத் தேய்த்துக்கொண்டு திக்கித் திக்கி ஆரம்பித்தான். அப்புறம் சரளமாகப் பேசினான். அவன் சித்தப்பா ஏதோ குத்தலாகச் சொன்னபோதும் சிரித்துக்கொண்டே சமாளித்தான். எனக்குப் பிடித்துவிட்டது. திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் நாத்தனார் என் அபிப்பிராயத்தைக் கேட்டார். நானும் பொறுப்பாகத்தான் சொன்னேன்: ஸ்டார்ட்டிங்கில் கொஞ்சம் உதறுகிறது, ஓட ஓடச் சரியாகிவிடும், லோடு கொடுத்தும் சூடாகவில்லை, தேறும். ஆட்டோவில் இருந்த முன்பின் தெரியாத அம்மாகூடத் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பொண்ணு குடுக்கப் போறோம், பொட்டி மாட்டப் போறதில்ல.”

கரகர

தேறாத எஞ்சின்களை ஒரு தட்டில் போட்டு வைப்போம். அதில் ஒன்று, ஓடினால் காபிக்கொட்டை அரைப்பது மாதிரி கரகரவென்று சத்தம் போடும். ஒருநாள் நான் இல்லாத நேரத்தில் முதலாளி அதைக் கேட்ட விலைக்கே கொடுத்தனுப்பிவிட்டார். வாங்கியது தேவி என்ற பெண். மண்ணூர்பேட்டையிலேயே வீடு. அவள் கணவர் வெல்டர், பக்கவாதம் வந்து வலது கை சரியாக வரவில்லை. கைக்குப் பயிற்சியாக எதையாவது திருகிக்கொண்டே இருக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். திருகிப் பிடித்திருக்கும்வரைதான் எஞ்சின் ஓடும், கையை விட்டால் நின்றுவிடும், அந்தக் குமிழைத் திருகட்டும் என்று வாங்கிப் போயிருக்கிறாள். ரெண்டு மாசம் கழித்துத்தான் முதலாளி இதை என்னிடம் சொன்னார், கேட்டபிறகு எனக்கு மனசு ஆறவில்லை. போன் போட்டு வரவழைத்து, அந்தக் கரகரவை வாங்கிக்கொண்டு, சத்தமே இல்லாத ஒன்றைக் கொடுத்தேன். அவள் என்னவோ சொல்ல வந்தாள். நான்தான் பேசவிடாமல் அனுப்பினேன். அன்றைக்கே கரகரவைப் பிரித்து கிரீஸ் போட்டுச் சரிசெய்தும் விட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

ரெண்டு நாளில் தேவி திரும்பி வந்தாள். நல்ல எஞ்சினை மேசைமேல் வைத்து, “பழசையே குடுத்துடுங்கக்கா” என்றாள். என்ன கோளாறு என்று கேட்டேன். கோளாறு இல்லை என்றாள். “நான் அடுப்பாண்ட நின்னுகினு இருப்பேன். கரகரன்னு கேட்டுகினே இருந்தா அவரு நல்லா கீறாருன்னு அர்த்தம். போன மாசம் ஒரு நாளு திடீர்னு சத்தம் நின்னுபோச்சி. ஓடிப்போய்ப் பாத்தா சேர்லேர்ந்து சரிஞ்சி, தொங்கினு கீறாரு. தாங்கிப் புடிச்சிட்டேன். இப்ப இது சத்தமே போடல. நிமிசத்துக்கு ஒரு தபா எட்டி எட்டிப் பாக்குறேன். நான் பாக்கிறது அவருக்குத் தெரிஞ்சி, ‘நான் இன்னா கொழந்தையா’ன்னு கோச்சிக்கிறாரு.”

கரகர இப்போது கரகர இல்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. உட்காரச் சொல்லிவிட்டு எஞ்சினைப் பிரித்தேன். போட்ட கிரீஸையெல்லாம் பஞ்சால் துடைத்து எடுத்தேன். மோட்டாரைப் பிடிக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன். இத்தனை வருஷத்தில் நல்லதைக் கெடுப்பதற்காக நான் திருப்புளியை எடுத்தது அப்போதுதான். முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார். ஓடவிட்டோம், பழையபடி கரகர வந்தது. தேவி படியிறங்கி, லேத் ஓடிக்கொண்டிருந்த பட்டறை வாசலில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு கீழேயிருந்து குரல் கொடுத்தாள்: “இன்னும் கொஞ்சம் மோசமாக்குங்கக்கா, தாளிக்கும்போது கேக்காது.”

இப்போதெல்லாம் யாராவது எஞ்சினைக் காட்டி ‘இது நல்லதா?’ என்று கேட்டால் ‘யார் வீட்டுக்கு?’ என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறேன், முதலாளி அதை என் வாய்க்கொழுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.