கூண்டுக் காருக்குக் கட்டிய பட்டு முடிச்சு

2003 டிசம்பர் மாதம். வேலூரில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த நான், செமஸ்டர் தேர்வு முடிந்து ஆரணியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் பட்டுத்தறியில் உட்கார்ந்தவர்கள். அண்ணன் ஐந்தாம் வகுப்போடு மெக்கானிக் பட்டறைக்குப் போய்விட்டார். எலெக்ட்ரிக்கல் டிப்ளமா கடைசி வருடம் என்று சொல்லிக்கொண்டு தெருவில் நான் நடந்த நடையே தனியாக இருக்கும்.

அண்ணனுக்கு ஒரே ஒரு பைத்தியம், கார் பந்தயம். சென்னைக்காரர் ஒருவர் ஓட்டி ஓட்டிச் சலித்துப் போட்ட பழைய பந்தயக் காரை வாங்கி வந்து, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார். ஒரே ஒரு சீட். கார் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காப்பாற்ற உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு. அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுப் பெரியப்பா தினமும் கேட்பார்.

"இன்னா மேஸ்திரி, கூண்டெல்லாம் ரெடியா கீது. கோழி எப்போ வருது?"

"கோழி இல்ல பெரிப்பா, புலி வளக்கறேன்" என்பார் அண்ணன்.

வருடத்துக்கு ஒரு தடவை, என் அண்ணனைப் போல ஆசைக்கு ஓட்டுபவர்களுக்கென்று சென்னைப் பக்கம் ஒரு பந்தயம் நடக்கும். அதற்கு முந்தைய இரண்டு தடவையும் புலி பாதியிலேயே படுத்துவிட்டது. இரண்டு முறையும் வயரிங்தான் காரணம். வயர்கள் எல்லாம் காய்ந்து வெடித்துப்போய், எங்கே தொட்டாலும் பொறி பறந்தது.

அப்பா ஒரு நாள் சோற்றில் கை வைத்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இந்த வாட்டியும் பாதியில நின்னுச்சின்னா நேரா காயலான் கடைதான். அந்த எடத்துல மருமவளுக்குத் தறி போடப் போறேன்."

மருமகள் என்றால் எங்கள் அண்ணி. என்னைவிட இரண்டே வயது பெரியவர். கல்யாணமாகி வந்ததிலிருந்து பக்கத்துத் தெருவில் அடுத்தவர் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்துகொண்டிருந்தார். சொந்தத் தறி போட வேண்டும் என்பது அவருக்கு எத்தனை பெரிய ஆசை என்று எனக்குத் தெரியும். வீட்டில் தறி போட வேறு இடம் கிடையாது.

பந்தயத்துக்கு எட்டு நாள் இருந்தது. அண்ணன் இன்ஜினைப் பிரித்துச் சேர்த்து முடித்திருந்தார். பெயின்ட்டும் அடித்தாகிவிட்டது. நிறம் சொன்னது அண்ணி: அரக்கு உடம்பு, ஓரத்தில் மாம்பழ மஞ்சள் பட்டை. கரை வைத்த புடவை மாதிரி நின்றது கார். வயரிங் மட்டும் பாக்கி.

"வயரிங்கை நான் பாத்துக்கறேண்ணா" என்றேன். அண்ணன் முகத்தில் அப்போது வந்த பெருமை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பட்டறைக்குப் போகிற வழியெல்லாம், "என் தங்கச்சிதான் வயரிங் பண்ணுது" என்று சொல்லிக்கொண்டே போனாராம்.

அந்த ரகக் காரின் வயரிங் படம் ஒன்றை லைப்ரரியில் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். படம் கையில் இருக்கும்போது பழைய வயர் எதற்கு? கட்டரை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். ஒவ்வொரு முனையிலும் இரண்டு விரல் நீளம் விட்டு, நறுக் நறுக்கென்று வெட்டினேன். கறுப்பு டேப்பைக் கிழித்து, வயர்களை ஒவ்வொன்றாக உருவி ஒரு கோணிப்பையில் திணித்தேன். ஒரு மணி நேரத்தில் காரைச் சுத்தமாக்கிவிட்டேன்.

வேலைக்குக் கிளம்பிய அண்ணி எட்டிப் பார்த்தார். "இன்னாத்துக்கு எல்லாத்தையும் அறுத்துகினு கீற? ஒண்ணு எடுத்து ஒண்ணு கட்டக் கூடாதா?"

"உங்களுக்குப் புரியாது அண்ணி. இது படிச்சவங்க சமாசாரம்."

அவர் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மதியமே எனக்கு வியர்த்துவிட்டது. கம்பெனியில் செய்த காருக்கான படம் அது. இதைப் பந்தயத்துக்கு மாற்றிய ஆள் தன் இஷ்டத்துக்கு வயர் இழுத்திருக்கிறார். படத்தில் இருக்கிற பாதி, காரில் இல்லை. காரில் இருக்கிற பாதி, படத்தில் இல்லை. படத்தில் ஒவ்வொரு வயருக்கும் ஒரு நிறம். இங்கே எல்லாம் சிவப்பும் கறுப்பும்தான், அதுவும் வெளுத்துப்போய் எது எது என்று தெரியாமல். காருக்குள் எங்கே பார்த்தாலும் இரண்டு விரல் நீள முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. எது எங்கே போனது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் முட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் அண்ணன் சாப்பிட வந்தபோது உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கோணிப்பையை ஒரு தடவை பார்த்தார்.

"பரவால்ல பாப்பா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அடுத்த வருடம் என்று ஒன்று அந்தக் காருக்கு இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை கொட்டகையில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அண்ணி வந்து நின்றார்.

"இன்னா டிப்ளமா, பாவு சிக்கிக்கிச்சா?"

நான் அழுதுவிட்டேன்.

"தோ, இதுக்குப் போயி! எழுந்துரு. ஜல்தி அந்தக் கோணியத் தூக்கிகினு வா."

தெருவில் பாவு நீட்டுவதற்காக நட்டிருக்கும் இரண்டு முளைகளுக்கு நடுவே அவர் கயிறு கட்டினார். கோணியிலிருந்த வயர்களை ஒவ்வொன்றாக எடுத்து நீவி, அதில் தொங்கவிட்டார். புடவைக்கான நூல் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுகிற இடத்தில், எங்கள் கார் வயர் தொங்கியது. எதிர்வீட்டுப் பெரியப்பா விடுவாரா?

"இன்னாம்மா இது, கோழிக்குப் புடவையா?"

"ஆமா மாமா. முந்தானை உங்களுக்குத்தான்" என்றார் அண்ணி, கையை நிறுத்தாமலே.

பட்டுத்தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும் பழைய இழைகளை முழுக்க உருவ மாட்டார்கள். தறியில் ஒரு சாண் விட்டு வைத்து, ஒவ்வொரு பழைய இழையின் முனையிலும் ஒரு புது இழையை முறுக்கிச் சேர்ப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். பழையது முன்னால் போக, புதியது அதன் பின்னாலேயே தன் இடத்துக்கு வந்து சேரும். சின்ன வயதிலிருந்து அம்மா அதைச் செய்யப் பார்த்து வளர்ந்தவள்தான் நான். கையில் கட்டர் இருந்தபோது அது என் நினைவுக்கே வரவில்லை.

இழை பிணைப்பதில் எங்கள் தெருவிலேயே அண்ணியின் கைதான் வேகமான கை. அந்தக் கண்ணால் அவர் வயரைப் பார்த்தார். "இந்த ரெண்டும் ஒட்டிகினே வந்ததுங்க. நெளிவு ஒரே மாதிரி கீது பாரு." ஒரு முனை பழுத்திருந்தால் அது இன்ஜின் சூட்டுப் பக்கம். எண்ணெய் ஊறியிருந்தால் கீழ்ப்பக்கம். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூண்டுக்குள் நுழைந்தார். நான் அவசரத்தில் வெட்டிய வெட்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வு. வயரின் முனையையும் காரில் நீட்டிக்கொண்டிருந்த முனையையும் சேர்த்து வைத்துப் பார்த்து ஜோடி கண்டுபிடித்தார்.

ஜோடி கிடைத்ததும் இரண்டு முனையிலும் ஒரே நிறத்துக் கழிவுப் பட்டு நூலால் ஒரு முடிச்சு. மயில் கழுத்து, வெங்காயம், கிளிப்பச்சை, மாம்பழம். இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் நாற்பத்தொரு வயர்களுக்கு அப்படி முடிச்சுப் போட்டார்.

அவர் நின்ற இடத்தைத் தற்செயலாகத்தான் பார்த்தேன். அந்தக் கொட்டகையில்தான் அவர் தறி வர வேண்டும். அந்தக் கார் ஓடாமல் போனால் தறி வந்துவிடும்.

"அண்ணி, இது நின்னா உங்களுக்கு நல்லதுதானே?" என்று கேட்டேவிட்டேன்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "உங்கண்ணன் மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு எதிர்ல குந்தியிருந்தா, நான் எந்தத் தறியில உக்காந்து நெய்யிறது?"

இரண்டு வயருக்கு மட்டும் ஜோடி அமையவில்லை. "இது உன் படிப்பு பாடு" என்று என் கையில் கொடுத்துவிட்டார். டெஸ்ட் லேம்ப்பை வைத்துக்கொண்டு அரை நாள் தேடினேன். முன்கண்ணாடிக்கு வெளியே இருக்கும் ஒரு சுவிட்சுக்குப் போகிற வயர்கள் அவை. விபத்து நடந்தால், வெளியே நிற்பவர் அதைத் திருப்பி இன்ஜினை நிறுத்தலாம். அது வேலை செய்யாத காரைப் பந்தயத்தில் விடவே மாட்டார்கள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது அண்ணி, "தோ பாருய்யா, டிப்ளமா!" என்று என் முதுகில் ஒன்று வைத்தார். அந்த அடி இனித்தது.

பிறகு பழைய வயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதே நீளத்துக்குப் புது வயர் வெட்டி, முடிச்சின் நிறம் பார்த்துப் பற்றவைத்தேன். வெள்ளிக்கிழமை கார் கிளம்பியது.

பந்தயத் தளத்தில் காரைச் சோதித்த அதிகாரி டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துவிட்டு நிமிர்ந்தார். "என்னங்க இது, கலர் கலரா?"

"அது எங்க ஊரு வயர் நம்பருங்க சார்" என்றார் அண்ணன்.

புலி அன்று கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தது. ஆனால் முழுசாக ஓடி வந்தது. எங்கள் அரக்குக் கார் கோட்டைத் தாண்டியபோது வேலியோரம் நின்று எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியவர், அதனால் தன் தறிக்கான இடத்தை இழந்தவர்.

அண்ணனுக்கு அது புரிந்திருக்கிறது. பொங்கல் முடிந்த வாரமே காரைத் தன் பட்டறைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், தார்ப்பாய் போட்டு மூடினார். கொட்டகையில் அண்ணிக்குத் தறிக்குழி வெட்டியதில் நானும் மண் அள்ளினேன்.

இன்று நான் ஒரு தொழிற்சாலையில் மின் பேனல் பிரிவில் வேலை செய்கிறேன். பழைய பேனலைத் திறக்கும்போது என் பையிலிருந்து கட்டருக்கு முன்னால் ஒரு பட்டு நூல் உருண்டைதான் வெளியே வரும். கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். "உங்களுக்குப் புரியாது" என்று நான் யாரிடமும் சொல்லி வருடங்கள் ஆகின்றன. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வரும்போதெல்லாம், கூண்டுக்குள் குனிந்து, அந்த வார்த்தையை என்னிடம் ஒரு தடவைகூடத் திருப்பிச் சொல்லாமல் எனக்காக நாற்பத்தொரு ஜோடி தேடிய அண்ணியின் கைகள் நினைவுக்கு வந்துவிடுகின்றன.