இரண்டாம் தாளில் விழுந்த கையெழுத்து

போன வாரம் மகள் கயலின் கல்லூரி விண்ணப்பத்தை அச்செடுக்கத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். இரண்டு தாள் வந்தது. முதல் தாளில் பெயர், மதிப்பெண், புகைப்படம் எல்லாம். இரண்டாவது தாளில் ‘பெற்றோர் கையொப்பம்’ என்று ஒரே ஒரு வரி. மற்றபடி வெள்ளை. அடியில் மட்டும் இணைய முகவரி எறும்பு வரிசை மாதிரி ஓடியது.

“அது அப்படித்தாங்க்கா வரும். எல்லாருக்கும் அப்படித்தான் வருது” என்றாள் கடைக்காரப் பெண்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. நீங்கள் சிரிக்கலாம். வெள்ளைத் தாளைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா? நான் பயப்படுவேன். பயத்தைவிடக் கோபம் அதிகம் வரும். தாள் வேறு இயந்திரத்திலிருந்து சூடாக வந்திருந்தது. சூடான காகிதத்தின் வாசனை எனக்கு ஒரே இடத்தைத்தான் நினைவுபடுத்தும்: மரக்காணத்தில், உப்பளத்துக்குத் திரும்பும் சாலையில் இருந்த ஓர் உப்பு வியாபார ஆபீஸ். இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம். கயலுக்கு அப்போது நடை பழகும் வயது.

முதலில் ஆபீசைச் சொல்கிறேன். இல்லை, முதலில் தூளியைச் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

ஆபீசில் மூட்டை நிறுக்கும் பழைய தராசு ஒன்றைக் கழற்றிவிட்டு, அதன் கொக்கியை மட்டும் உத்தரத்தில் விட்டு வைத்திருந்தார்கள். அதில் என் கல்யாணப் புடவைகளில் ஒன்றைத் தூளியாகக் கட்டி, கயலைப் போட்டுவிட்டு, காலால் ஆட்டிக்கொண்டே கம்ப்யூட்டரில் வேலை செய்வேன். என் கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை. வாரம் ஒருமுறை வருவார், தூங்குவார், போவார். மாமியார் கறாராகச் சொல்லிவிட்டார்: “வேலைக்குப் போவணும்னா போ. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பிள்ளையையும் இடுப்புல தூக்கினு போ.” முடியாது என்று திரும்பி வந்துவிடுவேன் என்பது அவர் கணக்கு. குழந்தையோடு வந்தால் பரவாயில்லை என்று சொல்லும் இன்னொரு ஆபீஸ் திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி வரைக்கும் கிடையாது. அந்த வேலை போனால் அடுப்படிதான். அதனால் நான் எதையும் ஒரு தடவைக்கு மூன்று தடவை சரிபார்ப்பேன். சரிபார்த்ததைச் சரியாகத்தான் சரிபார்த்தேனா என்று வீட்டில் படுத்துக்கொண்டு யோசிப்பேன்.

என்னை வேலைக்கு எடுத்தது சின்ன முதலாளி. பெங்களூரில் படித்துவிட்டு வந்தவர். மரக்காணம் ஆபீசிலும், கோட்டக்குப்பத்தில் கூட்டாளி பாய் நடத்திய கிடங்கிலும் ஒரே மாதிரி பில் வர வேண்டும் என்பது அவர் ஆசை. கார்பன் வைத்த பில் புத்தகம் வேண்டாம். இணையத்தில் ஒரு பக்கம், அதை நான் எழுதித் தர வேண்டும். இரண்டு ஊரிலும் அதே பக்கத்தைத் திறந்து, விவரத்தை நிரப்பி, அச்சடித்தால் ஒரே தாள். கேட்க எவ்வளவு எளிது பாருங்கள்.

என்னை வேண்டாம் என்றது காசாளர் தணிகாசலம். பில் புத்தகங்கள் அவருடைய பீரோவில் இருந்தன. சாவி அவர் அரைஞாண் கயிற்றில் இருந்தது. லாரி எதுவானாலும் அவரிடம் வந்து நின்று, “அண்ணே, பில்லு” என்று கேட்டாக வேண்டும். என் இணையப் பக்கம் வந்துவிட்டால் அந்தச் சாவி வெறும் இரும்புதான். அவரை எனக்கு இன்றும் பிடிக்காது. இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அப்போதும் பிடிக்கவில்லை.

“இது ஆபீசா, பால்வாடியா?” என்பார், உள்ளே நுழையும்போதே. தினமும்.

திரையில் வருவதுதான் தாளிலும் வரும் என்று நம்பித்தான் நான் தொடங்கினேன். திரைக்கு அடி கிடையாது, இழுக்க இழுக்க நீளும். தாளுக்கு அடி உண்டு. அதைத் தெரிந்துகொள்ளவே ஒரு மாதம் போனது. சின்ன முதலாளி ஆசைப்பட்ட நீலப் பட்டை திரையில் இருக்கும், தாளில் இருக்காது. நான் கேட்காத தேதியும் இணைய முகவரியும் தாளின் தலையிலும் காலிலும் தாமாக வந்து உட்காரும். முதல் நாள் அச்சில், திரையில் இருந்த ‘பிரிண்ட்’ பொத்தானும் சேர்ந்து அச்சாகிவிட்டது. தணிகாசலம் அந்தத் தாளை மேசைமேல் வைத்து, பொத்தானை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

“இன்னாமா, அமுக்கறேன், ஒண்ணும் வரலியே?”

மூட்டை தூக்குகிறவர்கள்கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அச்சுக்கு மட்டும் தனி விதிகள் எழுதலாம், தாளில் வேண்டாததை மறைக்கலாம் என்பதைப் பாண்டிச்சேரியில் ஒரு பிரவுசிங் சென்டரில், மடியில் கயலை வைத்துக்கொண்டு படித்துத் தெரிந்துகொண்டேன். பொத்தான் போனது. பட்டைக்குப் பதில் கோடு வந்தது. தலையிலும் காலிலும் வருவதை மட்டும் இணையப் பக்கத்துக்குள் இருந்து நீக்க முடியாது; ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் அமைப்பை மாற்ற வேண்டும்.

ஆனால் மரக்காணத்தில் காகிதம் காகிதமாக இருக்காது. உப்பளக் காற்றுக்குத் தாள்கட்டைப் பிரித்து வைத்தால் மறுநாளே நமுத்துப்போன அப்பளம் மாதிரி துவளும். எங்கள் பிரிண்டர் பழசு, ஒவ்வொரு தாளாகச் செருக வேண்டும். அதன் உருளை ஈரத்தாளைப் பிடிக்காமல் வழுக்கும். ஒவ்வொரு வரிக்கும் தாள் நகர வேண்டிய அளவு நகராமல், வரிகள் நெருங்கி நெருங்கி விழும். எல்லாம் முடிந்து கையெழுத்துக்கான இடம் தாளின் நடுவயிற்றில் வந்து நிற்கும்.

“கையெழுத்து அடியிலதான் வரணும். நடுவுல போட்டா கீழ எவன் வேணா இன்னா வேணா எழுதிப்பான்” என்றார் தணிகாசலம். அதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

தாள்களை மானிட்டர் தலைமேல் வைத்துக் காயவைத்துப் பார்த்தேன். பக்கத்தில் கயலின் ஈர ஜட்டியும் காயும். சூடான காகிதம், குழந்தை சோப்பு, சாக்கு மூன்றும் சேர்ந்த வாசனை அது. ஜட்டி காய்ந்தது, தாள் காயவில்லை. கடைசியில், கையெழுத்து வரிக்கு மேலே காலி வரிகளைச் சேர்த்துக்கொண்டே போனேன், அது தாளின் அடிக்குப் போய்ச் சேரும் வரை. சேர்ந்தது. நன்றாகவும் இருந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை. “கோட்டக்குப்பத்துலயும் ஒருதரம் அடிச்சுப் பாத்துட்டு வந்துடறேங்க” என்று கேட்டேன்.

“அங்க இருக்கறது மட்டும் இன்னா, அம்மிக்கல்லா? அதுவும் கம்ப்யூட்டருதான். வேலையப் பாரு” என்றார் தணிகாசலம். நான் சின்ன முதலாளியிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பேச்சு வந்திருக்கும்.

ஐப்பசி மழை பிடித்திருந்த நேரம். கோட்டக்குப்பத்தில் என் இணையப் பக்கத்திலிருந்து எடுத்த முதல் பில்லோடு கிளம்பிய லாரி, பாண்டிச்சேரி எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்டவில்லை. மறுநாள் காலை நான் தூளி கட்டிக்கொண்டிருந்தபோது லாரி டிரைவரின் மனைவி செல்வி ஆபீசுக்குள் நுழைந்தாள். முந்தானை நனைந்து சொட்டியது.

“யாரு அந்த பில்லு போட்ட பொம்பள?”

“தோ, இந்தம்மாதான்” என்றார் தணிகாசலம். அவ்வளவு மலர்ச்சியை அந்த முகத்தில் நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

“ஏம்மா, உன் கம்ப்யூட்டரு வெறுந்தாள்ல கையெழுத்து போட்டுக் குடுக்குமா? கள்ள பில்லுன்றாங்க. என் வூட்டுக்காரரத் திருடன் மாதிரி பெஞ்சுல உக்கார வெச்சிருக்காங்க. நேத்து சாயங்காலத்துலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல அந்த மனுசன்.” தூளியை எட்டிப் பார்த்தாள். “உனுக்கும் கைக்கொழந்த இருக்குது. ஆட்டிக்கினே பில்லு போட்டியா?”

அந்தக் கடைசி வாக்கியம் இன்னும் எனக்குள் எங்கோ கிடக்கிறது. அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது என்று எழுத ஆசைதான். உண்டு.

சின்ன முதலாளி வந்தார். “நீங்களே போய்ப் பாருங்க” என்றார் என்னிடம். தணிகாசலத்திடம் மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கும்படி, “சரி வரலன்னா பழைய புக்கையே எடுத்துருங்க” என்றார். புக்கை எடுத்தால் என்னை எதற்கு வைத்திருப்பார்கள்? பஸ்ஸில் கயலை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்திருந்தபோது ஈசிஆர் சாலை முழுக்க அதையேதான் நினைத்தேன். எந்த ஊர் வந்தது, எது போனது, தெரியாது.

கோட்டக்குப்பத்தில் பாய் வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவள் அவருடைய மருமகள் மும்தாஜ். என்னைப் போல ஒரு பட்டதாரிதான். அதற்காக நாற்காலி எல்லாம் போடவில்லை.

“எங்க மாமா தப்பா கையெழுத்து போட்டாருன்னு சொல்ல வந்தீங்களா? கையெழுத்துன்னு எங்க எழுதியிருக்கோ அங்கதான போட முடியும்?”

பில்லின் நகலைக் காட்டினாள். முதல் தாளில் எல்லாக் கணக்கும், கையெழுத்து இல்லாமல். இரண்டாம் தாளில் ஒன்றுமே இல்லாமல் பாயின் கையெழுத்தும் சீலும். அதில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். சோதனைச் சாவடியில் நான் உட்கார்ந்திருந்தால் நானும்தான் லாரியைப் பிடித்து வைத்திருப்பேன்.

அப்போதுதான் கவனித்தேன், அறை சில்லென்று இருந்தது. துபாயில் இருந்த மகன் சொல்லி ஏசி போட்டிருந்தார்கள். கதவு எப்போதும் மூடியே இருக்கும். பிரிண்டர் அருகே இருந்த காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து உதறினேன். மொறமொறவென்று சத்தம் வந்தது. எங்கள் ஆபீஸ் தாள் சத்தமே போடாது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மரக்காணத்து ஈரத்தை நான் பக்கத்துக்குள் எழுதி வைத்திருந்தேன். எங்கள் பிரிண்டர் வழுக்கும் அளவுக்கு நான் சேர்த்த காலி வரிகள், வழுக்காத இந்தத் தாளில் அப்படியே முழு அளவில் விழுந்து, கையெழுத்தை அடுத்த தாளுக்குத் தள்ளிவிட்டன. போதாததற்கு இங்கே எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தார்கள், பாய்க்குக் கண் மங்கல் என்று. அமைப்பில் தாளின் அளவும் நம் தாளைவிடக் குட்டையான வெளிநாட்டு அளவில் இருந்தது, கம்ப்யூட்டரை வாங்கி வந்த நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை.

“குழந்தையக் குடுங்க” என்றாள் மும்தாஜ். முகம் அப்படியேதான் இருந்தது. ஆனால் வாங்கிக்கொண்டாள். கயலுக்கு ஒரு பிஸ்கட்டும் கொடுத்தாள்.

காலி வரிகளை அழித்தேன். எழுத்தின் அளவையும் பெட்டிகளின் அகலத்தையும் திரைக் கணக்கில் இல்லாமல் தாளின் கணக்கில், மில்லிமீட்டரில் எழுதினேன். கையெழுத்துப் பெட்டியைக் கடைசி வரியோடு சேர்த்துக் கட்டினேன், எந்த இடத்திலும் பிரியக்கூடாது என்று. அதற்குக் கீழே மிஞ்சும் வெள்ளைக்கு ஒரு குறுக்குக் கோடு, யாரும் எதுவும் எழுத முடியாதபடி. அந்த கம்ப்யூட்டரின் அமைப்பில் தாளைச் சரி செய்தேன், தலையிலும் காலிலும் வரும் தேதியையும் முகவரியையும் எடுத்தேன். அச்சடித்தேன். ஒரே தாள். பாய் கையெழுத்துப் போட்டுச் சாவடிக்குக் கொடுத்தனுப்பினார். மதியத்துக்குள் லாரியை விட்டுவிட்டார்கள். இரவெல்லாம் தார்ப்பாய் ஒழுகி, வண்டிக்கு அடியில் உப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததாம். டிரைவர் என்னைப் பார்க்க வரவில்லை. செல்வியும் வரவில்லை. வருவார்கள் என்று ஒரு நாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது சொன்னால் என்ன.

மரக்காணத்துக்குத் திரும்பி, ஒரு தகரப் பெட்டிக்குள் குண்டு பல்பை எரியவிட்டு, காகிதக் கட்டை அதில் வைத்தேன். காகிதத்தின் குறையைக் காகிதத்தில்தானே சரி செய்ய வேண்டும்? மூன்றாம் நாள் எங்கள் தாளும் மொறமொறத்தது. சின்ன முதலாளி இரண்டு ஊர்ப் பில்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோட்டின் மேல் கோடு. பெட்டியின் மேல் பெட்டி.

“இனிமே எந்த ஊர்ல, யார் அமுக்கினாலும் இப்படியேதான் வருமா?”

“வருங்க” என்றேன். என் வாழ்க்கையில் சந்தேகமே இல்லாமல் நான் சொன்ன ஒரே பதில் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த மாதக் கடைசியில் அவரே கூப்பிட்டுச் சொன்னார், ரொம்ப மரியாதையாக: “இனிமே நீங்க டெய்லி வர வேண்டியதில்லம்மா. பொத்தான்தான, தணிகாசலமே அமுக்கிடுவாரு. ஏதாவது ஆச்சுன்னா கூப்பிடறோம்.”

நான் மேசையை ஒழுங்குபடுத்திவிட்டு வருவதற்குள் தணிகாசலம் தூளியை அவிழ்த்து, மடித்து வைத்திருந்தார். “பொடவைய விட்டுட்டுப் போயிடாத” என்றார். வீட்டில் மாமியார் உலையில் அரிசி போடச் சொன்னார்.

ஜெராக்ஸ் கடையில் கடைசியில் நானே மவுஸை வாங்கி, அளவை மாற்றி, ஒரே தாளில் எடுத்தேன். “விடும்மா, ரெண்டு பக்கமா இருந்தா இன்னா இப்போ?” என்று கயல் காதோரம் சிடுசிடுத்தாள். அவளுக்கு எதுவும் நினைவில்லை.

அந்த ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிறுத்தும் மீன் சாப்பாட்டுக் கடை. உத்தரமும் கொக்கியும் போய்விட்டன. எல்லைச் சாவடியில் இப்போது லாரிகள் நிற்பதில்லை. பில் கைபேசிக்கே வந்துவிடுகிறது, காகிதமே கிடையாது. கோட்டக்குப்பத்தில் பாய் வீட்டை இடித்துக் கட்டிவிட்டார்கள். மும்தாஜ் துபாய் போய்விட்டாள் என்றார்கள். என் பக்கமும் இணையத்தில் இல்லை, தேடிப் பார்த்தேன். ஆனால் அது பல வருடம் ஓடியதாம், தணிகாசலம் ஓய்வு பெற்ற பிறகும்.

ஏதாவது ஆனால் கூப்பிடுகிறோம் என்றுதான் சொன்னார்கள். ஒன்றுமே ஆகவில்லை.