காலிப் பெட்டிக்குள் பல்லி இல்லை

நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ, பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சாமியார் வந்து எங்கள் வீட்டில் தீர்த்தம் தெளிக்கும்போதுகூட, தரையைத் துடைக்க வேண்டுமே என்றுதான் எனக்குத் தோன்றும். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், அதுவும் பட்டப்பகலில் நடந்தது.

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நான் நூலகர். வேலை நிரந்தரமில்லை, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்பார்கள், ஆய்வு இதழ்களுக்குச் சந்தா புதுப்பிக்கிற மாதிரியேதான். இதழ்கள் தனி அறையில், சாய்வான மூடி போட்ட இரும்புப் பெட்டிகளில் இருக்கும். மூடிக்கு அடியில் பல்லி குடித்தனம் நடத்தும். அதனால் எங்கள் நூலகத்தில் யாராக இருந்தாலும் மூடியை இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் தூக்குவோம்.

பட்ஜெட் சுருங்கச் சுருங்க ஒவ்வொரு இதழாக நிறுத்தி, பாதிப் பெட்டிகள் காலி. போன வருடம் மிஞ்சியதில் விலை அதிகமானது ஒரு மண்ணியல் இதழ். அதைப் படிப்பது ஒரே ஆள், சித்தேரியிலிருந்து பஸ் பிடித்து வரும் ஆராய்ச்சி மாணவி பொன்னி. சாமை விளைகிற மலை மண்ணைப் பற்றி ஆராய்ச்சி. "மேடம், என்னுது வந்துருச்சுங்களா?" என்றுதான் கேட்பாள், ஏதோ அவள் பெயருக்கே தபாலில் வருகிற மாதிரி.

முதல்வர் கூப்பிட்டார். "ஒரே ஆளுக்காக இவ்ளோ செலவு பண்ண முடியுங்களா? நிறுத்தச் சொல்லி மெயில் போட்டுருங்க. உங்க ரினியூவலும் மே மாசந்தானுங்களே?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு வேலை இல்லாத நேரம் அது.

மெயிலை அடித்து வைத்தேன், அனுப்பக் கை வரவில்லை. எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள், அந்த இதழின் பெட்டியில் ஒட்டிய பெயர்ச் சீட்டையாவது கிழித்துவிடலாம் என்று அந்த அறைக்குள் போனேன், பின்னால் கதவு சாத்திக்கொண்டது. இழுத்தேன், அசையவில்லை. போன் வெளியே மேசைமேல். ஜன்னலில் கம்பி. கத்தினேன், யாரும் வரவில்லை, வேர்த்துக் கொட்டியது, அப்போதுதான் ஒரு மூடி டக் டக் என்றது. பல்லிதான் என்று நினைத்தேன், ஆனால் பல்லி சரியாக இரண்டு தட்டு தட்டுமா, நீங்களே சொல்லுங்கள். தூக்கிப் பார்த்தால் காலி. உடனே அடுத்த பெட்டி தட்டியது. பிறகு மூலையில் ஒன்று. சந்தா நிறுத்திய பெட்டிகள் மட்டும், உள்ளேயிருந்து, நாங்கள் தட்டுகிற மாதிரியே. இதழ் வந்துகொண்டிருந்த பெட்டிகள் சத்தமே போடவில்லை.

கடைசியில் மண்ணியல் இதழின் பெட்டி தட்டியது. இதழ் உள்ளேதான் இருக்கிறது, மெயிலை நான் இன்னும் அனுப்பவே இல்லை. மூடியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றேன். அந்தத் தட்டு உள்ளங்கையில் தெரிந்தது.

அட்டெண்டர் லூர்து வந்து கதவைத் தள்ளித் திறந்தார். "என்னாங்க மேடம் இப்படி வேர்த்திருக்கு? கதவு சும்மாதான சாத்தியிருந்துச்சு, தாப்பாளே போடலீங்களே."

அன்று மாலை மெயிலை அனுப்பிவிட்டேன். வேறென்ன செய்ய முடியும்? மே மாதம் என் வேலையைப் புதுப்பித்தார்கள். பொன்னி வந்து காலிப் பெட்டியைப் பார்த்தாள், மூடியைச் சாத்திவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இந்த வருடமும் செலவைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று ஒரு கையெழுத்துக்காக முதல்வர் அறைக்குப் போனேன். என் ஒப்பந்தக் கோப்பு இருக்கிற பீரோவைத் திறக்கப் போனவர், கதவை இரண்டு தட்டு தட்டினார். நூலகப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர்.

"ஏன் சார் தட்டுறீங்க?" என்றேன்.

"உள்ள பல்லி இருக்கும்போலங்க" என்றார். "காலைலருந்து ரெண்டு ரெண்டா தட்டிக்கிட்டே கெடக்குது."