“கணவாய்!” என்று கத்தினால் போதும்

எங்கள் மீன் சந்தைக்குப் பின்சுவரே ஐஸ் தொழிற்சாலைதான். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மோனியா வாயு. அது கசிந்தால் யார் எங்கே ஓடுவது என்று திட்டம் போட்ட குழுவில் சந்தையின் ஆளாக உட்கார்ந்தவள் சம்லி அக்கா. கணவாய் மீனைக் காயவைத்து விற்பவள். தாய்லாந்தின் இந்த ரயோங் கடற்கரையில் அவள் குரலுக்கு ஒலிபெருக்கியே வேண்டாம். ஆனாலும் ஊர் ஒலிபெருக்கி அவள் பொறுப்பில்தான் இருந்தது.

முதல் ஒத்திகை மானத்தை வாங்கியது. எல்லோரும் கவனிக்கட்டும் என்று, அபாயச் சங்குக்கு முன்னால் ஓர் எக்காள ஒலியைச் சேர்த்திருந்தார் நகராட்சி அதிகாரி தீரயுத். தினமும் இரண்டு வேளை இதே ஒலிபெருக்கியில் தேசிய கீதம் ஒலிக்கும் ஊர் இது. எக்காளம் கேட்டதும், கீதம்தான் என்று சந்தையே விறைத்து நின்றது. மீனை நிறுக்கத் தூக்கியவன் தூக்கியபடியே நின்றான். சங்கு ஊதி ஓய்ந்தது, ஒருவரும் அசையவில்லை.

“நிஜமா கசிஞ்சிருந்தா இந்நேரம் எல்லாரும் பொணம்,” என்றார் தீரயுத். “அடுத்த தடவையும் இப்படின்னா, சந்தையை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் மாத்திடுவோம்.”

அந்தப் பக்கம் கடலும் இல்லை, கணவாய் காயவைக்கக் களமும் இல்லை. சம்லி அக்கா விலை கூவுவதையே நிறுத்திவிட்டாள். ஊருக்கு அதுவே பெரிய பயமாகிவிட்டது.

ஒரு மதியம் வானம் திடீரென இருட்டியது. களத்திலிருந்து “கணவாய்!” என்று கத்தினாள் பக்கத்துக் கடை ஒராதாய். அவ்வளவுதான்! ஷாம்பு நுரையோடு ஒருத்தி, நூடுல்ஸ் கிண்ணத்தோடு ஒருவர், தெருவே காயப்போட்டதை அள்ளக் கடலோரம் பாய்ந்தது. கூடவே ஓடிய சம்லி அக்கா பாதியில் நின்று சிரித்தாள்.

“கிடைச்சிருச்சுடி ஒராதாய்!”

“என்னக்கா கிடைச்சது? நனையுது, அள்ளு!”

குழுவில் அதையே சொன்னாள். “பகல்ல காத்து கடல்லருந்து அடிக்குது. வாயு ஊருக்குள்ளதான் போகும், களத்துக்கு வராது. எக்காளமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் ‘கணவாய்’னு கத்துறேன்.”

“அரசாங்க அறிவிப்பும்மா இது!” என்றார் தீரயுத்.

“சரி சார், ‘மாண்புமிகு கணவாய்’னு கத்துறேன்.”

இரண்டாவது ஒத்திகை. யாருக்கும் நாள் சொல்லவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தது. “கணவாய்! கணவாய்! ஈரத்துணியால மூக்கைப் பொத்திக்கிட்டுக் களத்துக்கு ஓடுங்க!”

சந்தை தெறித்து ஓடியது! கூடைகள் உருண்டன, செருப்புகள் அனாதையாகக் கிடந்தன. மீன் நிறுப்பவன் இந்தத் தடவை மீனோடு ஓடினான். நானும் ஓடினேன். களத்தில் போய் நின்றதும் ஆளாளுக்குப் பழக்கதோஷத்தில் கணவாயை அள்ள ஆரம்பித்தார்கள்.

“கணவாயை விடுங்கடா, மூக்கைப் பொத்துங்கடா!” என்று ஒலிபெருக்கி அலறியது.

சந்தையில் ஒருவரும் மிச்சமில்லை. கை நிறையக் கணவாயோடு தீரயுத் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். “இதை எங்கம்மா வைக்கிறது?”

“இருந்த இடத்துலயே வைங்க சார்,” என்றாள் ஓடிவந்த சம்லி அக்கா. “சந்தையையும் சேர்த்து.”

அவர் சிரித்தபடி தலையாட்டினார். களம் முழுக்கக் கைதட்டல்.

ராத்திரியில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். அப்போது ஊர்ப்பக்கம் ஓட வேண்டும். அதற்கு எந்த வார்த்தையைக் கத்தலாம் என்று இப்போது சந்தையே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.