அடிக்க வாகான பந்து

காஸ் ஸ்விடெக்கின் தொழிலை அவன் மனைவியின் தம்பி டாடெக் இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுவான்: "அடிவாங்கச் சம்பளம்." பேச்சு நாராசம்தான், ஆனால் பொய்யில்லை. நியூயார்க்கின் பெரிய பேஸ்பால் அணி ஒன்றில், ஆட்டம் தொடங்குமுன் மட்டையாளர்களுக்குப் பயிற்சிப் பந்து போடுகிறவன் காஸ். பதினொரு வருடமாக அதே வேலை. பந்து அடிக்க வாகாக, சமர்த்தாகப் போய்ச் சேர வேண்டும். மட்டையாளன் தவறவிட்டால் திட்டு காஸுக்குத்தான். தவறவிட்டவனுக்குத் தன்னம்பிக்கை போய்விடுமாம். பந்து போடுகிறவனுக்கும் அப்படியொரு சாமான் உண்டு என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை.

ஸ்க்ராண்டன் என்ற ஊரில், சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவன். அங்கே சின்ன அணிகளில் ஆடிய காலத்தில் அவனிடம் ஒரு பந்து இருந்தது. நேராக வந்து, மட்டைக்கு ஒரு முழம் முன்னால் பொத்தென்று கீழே இறங்கும். அதை நம்பித்தான் நகரத்துக்கு வந்தான். பயிற்சியில் அதைப் போடக் கூடாது என்றார்கள். நிஜ ஆட்டத்திலோ அவனை இறக்கவே இல்லை. வயது முப்பத்தேழு ஆகிவிட்டது. சாவதற்குள் ஒரே ஓர் இன்னிங்ஸ், ஆட்டத்தின் ஒன்பது சுற்றில் ஒரு சுற்று, பந்து போட்டுவிட வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

ஐம்பத்து மூன்றாம் வருடம் செப்டம்பரில் டெலிவிஷன் போட்டி ஒன்றுக்கு அவனைக் கூப்பிட்டார்கள். நான்கு பிரபலங்கள் மேஜையில் உட்கார்ந்து, வந்தவனைக் கேள்வி கேட்டே அவன் தொழிலைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"உங்க வேலையால யாருக்காவது சந்தோஷம் உண்டா?" என்று கேட்டாள் ஒரு நடிகை.

"உண்டுங்க."

"உங்களுக்கு?"

காஸ் யோசித்தான். அவன் யோசித்ததற்கே அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

கடைசியில் நால்வரின் கண்களையும் கட்டி, வருகிறவர் யாரென்று கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு, ராய் டன்லீவியை உள்ளே விட்டார்கள். காஸின் அணிக்காரன்தான், நாட்டிலேயே பெரிய மட்டையாளன். பெண் குரலில் கீச்சுக் கீச்சென்று பதில் சொல்லி நால்வரையும் திணறடித்தான். கட்டை அவிழ்த்ததும் நடத்துகிறவர், "காஸ், இவருக்கு ஒரு பந்து போடுங்களேன்!" என்று ஏதோ அப்போதுதான் உதித்த யோசனை போலச் சொன்னார். வலை, மட்டை எல்லாம் திரைக்குப் பின்னால் தயாராக இருந்தன. காஸுக்கு அது உறைக்கவில்லை.

பொத்தென்று இறங்கும் தன் பந்தையே போட்டான். ராய் காற்றில் வீசி, ஒரு சுற்றுச் சுற்றி, பொத்தென்று தரையில் உட்கார்ந்தான். அரங்கமே எழுந்து நின்றது. பதினொரு வருடத்தில் முதல்முறையாகக் காஸ் கையை உயர்த்தினான்.

வீட்டுக்குப் போனால் மனைவி வாண்டா சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள். டாடெக் ஓடிவந்து கட்டிப்பிடித்தான்.

"மச்சான்! ராயையே கவுத்துட்டியே! நான் இத்தன வருஷமா வாய்க்கு வந்ததப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத."

அந்த மன்னிப்புதான் காஸுக்குத் தலைக்கேறியது. "ஞாயித்துக்கிழமை இந்த வருஷத்தோட கடைசி ஆட்டம். அதுல என்னை இறக்கப் போறாங்க," என்று யாரையும் கேட்காமல் சொல்லிவிட்டான். டாடெக் செவ்வாய்க்கிழமைப் பயிற்சியையே பார்க்க வருகிறேன் என்றான். அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தும் விட்டான்.

செவ்வாயன்று காஸ், அணியை நடத்தும் ஹோபார்ட்டிடம் போனான்.

"சார், ஞாயித்துக்கிழமை ஜெயிச்சாலும் தோத்தாலும் நமக்கு ஒண்ணுமில்ல. ஒரே ஒரு இன்னிங்ஸ் குடுங்க சார்."

ஹோபார்ட் புகையிலையை மறு கன்னத்துக்குத் தள்ளினார். "டி.வி.ல பாத்தேன். டேய் ராய்! நீயா விட்டியா, இவன் விட வெச்சானா?"

ராய் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். "விட்டுடுங்க, ஜனங்க சிரிப்பாங்கன்னு அந்த நிகழ்ச்சிக்காரங்க சொன்னாங்க. விட்டேன். கீழ விழுந்தது மட்டும் என் சொந்தச் சரக்கு."

உடை மாற்றும் அறை முழுக்கச் சிரிப்பு.

"பொய்!" என்றான் காஸ். குரல் உடைந்தது. "அந்தப் பந்த யாராலயும் தொட முடியாது."

"சரி, அழாதப்பா," என்றார் ஹோபார்ட். "பத்துப் பந்து போடு. இவன் ஒண்ணே ஒண்ணு விடட்டும், இன்னிங்ஸ் உனக்கு."

மைதானத்தில் இறங்கிக் காஸ் போட்டான். முதல் பந்து இடது பக்கக் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. இரண்டாவது அதையும் தாண்டியது. சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு ஒரே கொண்டாட்டம். பந்துக்குப் பந்து கைதட்டல். யாருடைய வாழ்க்கை பறந்துபோகிறது என்று அவர்களுக்கு என்ன தெரியும்? ஆறாவது பந்தை டாடெக்கே எட்டிப் பிடித்துவிட்டான். ராய் அடித்த பந்து! அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "மச்சான், இங்க பாரு!" என்று குதித்தான். பக்கத்தில் வாண்டா குனிந்து கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதும் போயிற்று. பத்தாவதற்குக் காஸ் உடம்பில் இருந்ததையெல்லாம் திரட்டினான். முழங்கை சுள்ளென்றது. பந்து அவன் ஆயுளிலேயே அதுவரை இறங்காதபடி அருமையாக இறங்கியது. அது இறங்கி வரும் இடத்தில் ராயின் மட்டை ஏற்கெனவே காத்திருந்தது.

ராய் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு காஸிடம் நடந்து வந்தான். அவனுக்குக் கேலி செய்யும் எண்ணமே இல்லை. அதுதான் கொடுமை.

"யோவ் காஸ், நீ தினம் போடறதவிட இது அடிக்க வாகா இருக்குய்யா. கொஞ்சம் கீழ குனிஞ்சா போதும்."

ஹோபார்ட் தலையாட்டினார். "இதையா இத்தன வருஷம் பொத்தி வெச்சிருந்த? வெள்ளிக்கிழமை எதிர்ல வரப்போறவனும் இதேதான் போடுவான், இதைவிட வேகமா. நம்ம பசங்களுக்கு நல்ல பழக்கம். இனிமே தினமும் இதையே போடு."

"சரி சார்," என்றான் காஸ்.

மற்றவர்கள் மட்டையோடு வரிசையில் வந்து நின்றார்கள். காஸ் கூடையிலிருந்து அடுத்த பந்தை எடுத்தான். தோள் விட்டுப்போகும்வரை, இன்னும் ஆறு வருடம் அந்தப் பந்தைத்தான் போட்டான். அணியிலேயே மட்டை பிடிக்கத் தெரியாதவனும் அதை அடித்தான்.