கல்பகம் ஏறினால் ஓடும் லாரி

பாலாநகர் தொழிற்சாலை ஊழியர்களின் கூட்டுறவுப் பண்டகசாலைக் கமிட்டியில் பெண்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கினார்கள். எங்கள் காலனியில் யாரும் அதற்கு முன்வரவில்லை, கல்பகம் ஒருத்திதான் பெயர் கொடுத்தாள். "கதவைச் சாத்திண்டு அப்படி என்னதான் பேசறான்னு பார்க்க வேண்டாமா?" என்று காரணத்தையும் அவளே எல்லோரிடமும் சொன்னாள்.

அவள் அப்படித்தான். கல்யாணமாகி ஹைதராபாத் வந்த புதிதில், இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை என்று அதைக் கழற்றிப் பார்த்திருக்கிறாள். பிறகு, ஏன் இத்தனை நாள் சூடாயிற்று என்று தெரிந்துகொள்ள இன்னொரு முறை கழற்றியிருக்கிறாள். கணவர் ராமசுவாமி தொழிற்சாலையில் சூப்பர்வைசர், அதிகம் பேசாதவர். இரண்டு பெண்களும் அம்மா தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வார்கள். கேள்விகளை எல்லா மொழியிலும் கேட்டவள் கல்பகம் மட்டும்தான்.

முதல் கூட்டத்திலேயே அவள் தலையில் லாரியைக் கட்டினார்கள்.

பண்டகசாலையின் அந்த லாரி பட்டாளத்தில் உழைத்து ஓய்ந்து ஏலத்துக்கு வந்தது. வாங்கிய பிறகு அதற்கு ஒரு பழைய டீசல் எஞ்சினை மாட்டியிருந்தார்கள். போங்கீர் மில்லிலிருந்து அரிசி, மோண்டா மார்க்கெட்டிலிருந்து வெங்காயம், மழைக்காலத்தில் விறகு, யார் வீடு மாற்றினாலும் கட்டில் பீரோ என்று அதற்கு ஓய்வே கிடையாது. புது லாரி என்ற பேச்சை எடுத்தால் தலைவர் சாம்பசிவம் விசிறியின் வேகத்தைக் கூட்டச் சொல்வார். ஆகவே தேய்ந்த டயருக்கு மேல்தோல் ஒட்டினார்கள். ஸ்பிரிங் பட்டை ஒடிந்தால் பழைய இரும்புக் கடையில் தேடினார்கள். இடதுபக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் போய்விட்டதால் கயிறு.

டிரைவர் சூசைராஜ் திருமுல்கேரிக்காரர். பட்டாளத்தில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். அவருடைய தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து சிகந்திராபாத் வந்துவிட்ட குடும்பம். அவர் பேசும் தமிழில் உருது தாராளமாகக் கலந்திருக்கும்.

எழுபத்து நான்காம் வருஷம் டீசல் விலை ஏறிக்கொண்டே போனது. அதே சமயம் லாரி குடிக்கும் டீசலும் கூடிப்போயிற்று. சூசைராஜ் வழியில் டீசலை விற்கிறார் என்று சாம்பசிவம் முடிவு கட்டினார். அவரிடம் கேட்கவில்லை. ஒரு பட்டறையில் டாங்குக்குப் பூட்டு வைத்த கனமான மூடி ஒன்றைச் செய்யச் சொல்லி மாட்டினார். சாவி ஆபீஸ் மேஜைக்குள் போயிற்று. சூசைராஜ் அந்தப் பூட்டைப் பார்த்தார். "ஹவ் சார்" என்றார், உருதுவில் சரியென்று. அதற்குப் பிறகு கமிட்டிக்காரர் யாருக்கும் அவர் வணக்கம் வைக்கவில்லை.

பூட்டு மாட்டிச் சில வாரங்களில் லாரி வழியில் நிற்கத் தொடங்கியது. போங்கீர் போகும்போது உப்பலுக்கு முன்னாலோ பின்னாலோ எஞ்சின் இருமும், குலுங்கும், அணைந்துவிடும். டீசல் குழாயில் காற்றுப் புகுகிறது என்றார் சூசைராஜ். குழாயை மாற்றினார்கள். வாஷர்களை மாற்றினார்கள். பம்ப்பைக் கழற்றி, கமிட்டி முனகிக்கொண்டே கொடுத்த பணத்தில் சர்வீஸ் செய்தார்கள். அப்படியும் நின்றது. அதிலும் டாங்க் நிறைய டீசல் போட்ட அன்று சீக்கிரமே நின்றது.

"வேணும்னே நிறுத்துறான். பூட்டு போட்ட கோபம்" என்றார் சாம்பசிவம். "வண்டியை வித்துருவோம். ஆளையும் அனுப்பிருவோம்."

"நான் ஒருதரம் அதுல போயிட்டு வந்து சொல்லட்டுமா?" என்று கேட்டாள் கல்பகம்.

சிரித்தார்கள். ஆனால் வேண்டாமென்று சொல்ல யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. வீட்டில் ராமசுவாமி, "லாரியிலயா போகப்போறே?" என்றார்.

"பஸ்ல போறேனே. அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

அவர் யோசித்து, "உயரம்" என்றார். பிறகு, ஏறி இறங்க ஒரு சின்ன முக்காலியைத் தேடிக் கொடுத்தார்.

சூசைராஜ் இருக்கையில் ஒரு துவைத்த துண்டை விரித்துவிட்டு வண்டியை எடுத்தார். சிகந்திராபாத் தாண்டும்வரை கல்பகம் கேட்டதற்கெல்லாம் தலையசைப்புதான். தார்நாகா அருகே, மேட்டில் ஏறும்போது ஏன் கியரைக் குறைக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். அதற்கு அவரால் தலையசைத்துப் பதில் சொல்ல முடியவில்லை. உப்பல் வருவதற்குள் கியர்ப் பெட்டியின் பாதிக் கதை அவளுக்குத் தெரிந்துவிட்டது. உப்பலில் வண்டி நின்றது.

அவர் இறங்கி ஒரு திருகைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அழுத்தினார். நுரை நுரையாக டீசல் வந்தது. கல்பகம் குனிந்தாள்.

"நக்கோம்மா, வேணாம், கையெல்லாம் கரியாயிடும்."

"ஆகட்டும். இது என்ன, சீயக்காய் நுரை மாதிரி?"

"காத்துதாம்மா. எங்கேயிருந்து வருதுன்னுதான் தெரியல."

கல்பகம் சாவியைக் கைப்பையில் கொண்டுவந்திருந்தாள். உள்ளே டீசல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டு ஈரம் எதுவரை ஏறியது என்று பார்த்தாள். அதன் பிறகு வண்டி எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு குடிக்கிறது என்று அறியும் ஆசை வந்துவிட்டது. நிறுத்தியபோதெல்லாம் குச்சி விட்டாள். போங்கீர் போய்த் திரும்பும்வரை லாரி இன்னொரு முறை நிற்கவில்லை.

அடுத்த நடையிலும் நிற்கவில்லை. அவள் வராத நடையில் நின்றது. கல்பகம் ஏறினால் லாரி ஓடும் என்று காலனி முழுக்கப் பேச்சாயிற்று. புது ஸ்கூட்டர் வாங்கிய ஒருவர், மாமி வந்து கை வைத்துவிட்டுப் போகட்டும் என்று வீட்டுக்கே வந்து அழைத்தார். சாம்பசிவம் ராசியை நம்பவில்லை. "நீங்க பக்கத்துல இருந்தா நிறுத்தப் பயம். அவ்வளவுதான்" என்றார்.

கல்பகத்துக்கு இரண்டு விளக்கமும் பிடிக்கவில்லை. "நான் ஏறினா என்ன மாறறது? உட்கார்றேன். பேசறேன். குச்சி விடறேன். இதுல எதுன்னு பார்த்துடலாம்" என்றாள் சூசைராஜிடம்.

ஒரு நடை முழுக்க அவள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அதுதான் தனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது என்று பின்னால் சொன்னாள். குச்சி மட்டும் விட்டாள். வண்டி ஓடியது. அதற்கடுத்த நடையில் ஓயாமல் பேசினாள், மூடியைத் தொடவில்லை. ஹப்சிகூடாவிலேயே எஞ்சின் இருமி அணைந்தது.

இருவரும் இறங்கி டாங்கிடம் ஓடினார்கள். சாவியைத் திருகி மூடியைத் தூக்கியதும் 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்டது. முன்பும் கேட்டிருக்கிறது, யாரும் காது கொடுக்கவில்லை. எஞ்சினை உயிர்ப்பித்து ஓடவிட்டு, மூடிக்குப் பதில் சூசைராஜ் உள்ளங்கையால் டாங்கின் வாயைச் சற்று நேரம் பொத்தினார்.

"உள்ள இழுக்குதும்மா" என்றார் வியப்போடு. "கையை உள்ள இழுக்குது!"

கல்பகம் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சூசைராஜ், கடையில எண்ணெய் டின்னுக்கு ஏன் ரெண்டு ஓட்டை போடறா?"

"ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் வராதும்மா. இன்னொண்ணுல காத்து போனாத்தான்..." அவர் நிறுத்திவிட்டார். பிறகு மெல்ல, "பழைய மூடியில சின்னதா ஒரு ஓட்டை இருந்திச்சு. துரு தின்ன ஓட்டைன்னுல்ல நெனச்சேன்!"

டீசல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்கு வரக் காற்றுக்கு வழியில்லை. வழி கேட்டுக் காற்று குழாயின் மூட்டுகளில் புகுந்திருக்கிறது. சூசைராஜ் அடக்கமாட்டாமல் சிரித்தார். பூட்டு மாட்டிய பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன் என்றாள் கல்பகம். பக்கத்து சைக்கிள் கடையில் மூடிக்கு ஓர் ஓட்டை போட்டுக்கொண்டு போங்கீர் போனார்கள்.

கூட்டத்தில் அவள் இதைச் சொன்னபோது சாம்பசிவம் விசிறியின் வேகத்தைக் கூட்டச் சொன்னார். பிறகு, "நின்னதுக்குக் காரணம் சரி. டீசல் எங்க போச்சு?" என்றார்.

"எனக்கும் அதுதான் தெரியணும்" என்றாள் கல்பகம், கொஞ்சமும் கோபமில்லாமல்.

அதற்கு விடை மே மாத வெயிலில் கிடைத்தது. மில் வாசலில் கை கழுவியவள் ஈரக் கையை உதறியபோது, பின்சக்கரத்தின் நடுவில் தெறித்த தண்ணீர் தோசைக்கல்லில் விழுந்ததுபோல் சீறியது. மற்ற சக்கரங்களில் தெளித்துப் பார்த்தாள். அவை இவ்வளவு சூடாக இல்லை. சூசைராஜ் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே ஒரு ஸ்பிரிங் ஒடிந்து, மிதித்த பிரேக் திரும்ப விலகாமல் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

"பாவம், பிரேக் போட்டுண்டேவா இத்தனை நாள் ஓடித்து?" என்றாள் கல்பகம்.

புது ஸ்பிரிங் போட்டதும் டீசல் செலவு பழையபடி இறங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாம்பசிவம் திருமுல்கேரிக்குப் போய் சூசைராஜின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தார். கல்பகத்தையும் ராமசுவாமியையும் துணைக்கு அழைத்திருந்தார். பூசை முடிந்து அப்போதுதான் வந்த சூசைராஜ், மாதா கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு நின்றார்.

"உங்களைத் தப்பா நெனச்சுட்டேன்" என்றார் சாம்பசிவம், உட்காராமலே.

"நானா இருந்தாலும் பூட்டு போட்டிருப்பேன் சார்" என்றார் சூசைராஜ். "ஆனா மொகத்தைப் பாத்து ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டிருப்பேன்."

அவர் மனைவி டீ கொண்டுவந்தார். சாம்பசிவம் இரண்டு கோப்பை குடித்தார்.

அதற்குப் பிறகு அந்த லாரி எண்பத்து மூன்று வரை ஓடியது. ஒரு சாமான் கெட்டால், ஏன் கெட்டது என்று தெரியாமல் புதியது வாங்கக் கூடாது என்று கல்பகம் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். அதில் சில முறை அவளும் தோற்றாள். ஹார்ன் மட்டும் மழை நாளில் தானாக ஏன் அலறுகிறது என்று கடைசிவரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. லாரியின் அடிச்சட்டத்தில் விரிசல் விழுந்தபோது சூசைராஜே, "இனி பாரம் தாங்காதும்மா" என்றார். அவள் விவாதிக்கவில்லை. விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுக் கமிட்டியில் போய்ச் சொன்னாள்.

லாரியின் உடல் இரும்புக் கடைக்குப் போயிற்று. எஞ்சினைச் சங்காரெட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் கரும்பு ஆலைக்கு வாங்கிக்கொண்டார். லாரி எஞ்சின் கரும்பை எப்படிப் பிழியும் என்று கல்பகத்துக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு ஞாயிறு காலை அவளும் ராமசுவாமியும் சூசைராஜும் பஸ் ஏறிப் போனார்கள்.

எஞ்சின் ஒரு கொட்டகையில் சிமெண்ட் மேடைமேல் உட்கார்ந்து, தோல்பட்டையால் ஆலையைச் சுழற்றிக்கொண்டிருந்தது. சூசைராஜ் அருகில் நின்று சத்தத்தைக் கேட்டார். "நல்லா இருக்கும்மா" என்றார். கல்பகம் அதை ஒருமுறை சுற்றி வந்தாள். அதற்குள், பக்கத்தில் பெரிய கொப்பரையில் கொதித்த கரும்புச்சாற்றில் விவசாயி ஏதோ கொழகொழப்பான நீரை ஊற்றுவதைக் கண்டுவிட்டாள். ஊற்றியதும் அழுக்கெல்லாம் திரண்டு மேலே வந்தது.

"அதி ஏமிட்டி?" என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே போனாள். வெண்டைச் செடியின் தண்டை இடித்து எடுத்த சாறு என்றார் அவர்.

"வெண்டைத் தண்டா? அழுக்கு ஏன் அதோட ஒட்டிக்கறது?"

விவசாயிக்குத் தெரியவில்லை. அவர் அப்பாவும் அப்படித்தான் ஊற்றினாராம். ராமசுவாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. கல்பகம் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு தண்டை ஒடித்து முகர்ந்து பார்த்தாள்.